கிளை நூலகத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி? வடசென்னை வாசகர் வட்டத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வாசகர் வட்டத்தில் சேர்ந்த புதிதில் எல்லாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ஒரு விழா நடத்திவிடலாம். பேச்சாளரைக் கூப்பிடலாம், மைக் செட் போடலாம், பொன்னாடை போர்த்தலாம், பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்து டிபன் பாக்ஸ் பரிசு கொடுக்கலாம். நடத்துங்கள், தப்பில்லை. ஆனால் மறுநாள் காலையில் நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். வழக்கமாக வரும் அதே பெரியவர்கள் அதே நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து வைத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். விழாவுக்கு வந்தவர்களில் ஒருவரைக்கூட அங்கே காணக் கிடைக்காது.

அதனால் இந்தக் கட்டுரையில் விழாவுக்கு இடம் குறைவு. தெருவில் இருக்கிற ஒருவர் நூலகத்துக்குள் வந்து, உறுப்பினராகி, ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், அதைத் திருப்பிக் கொடுக்க மறுபடி வருகிறாரே, அதுவரைக்கும் செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். அந்த இரண்டாவது வருகைதான் நம் கணக்கு. ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்துக் கிளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு பகுதிக்காரர்கள் தெருப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்று சொல்ல மாட்டேன். தெரு மாறினால் வேலையும் கொஞ்சம் மாறும்.

சும்மா போய் உட்காருவதிலிருந்து தொடங்குங்கள்

முதல் இரண்டு வாரம் எதையும் செய்யாதீர்கள். வாசகராகப் போய் உட்காருங்கள். காலையில் ஒரு நாள், மாலையில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் என்று மாற்றி மாற்றிப் போங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை விடும் கிளைகள் நிறைய உண்டு. உங்கள் கிளையின் நேரப் பலகையை முதலில் பாருங்கள். அந்தப் பலகை வெளியே தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரிகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பல இடங்களில் அது கதவுக்கு உள்பக்கம் மாட்டியிருக்கும். கதவு மூடியிருக்கும்போது வந்தவருக்கு அது எப்படி உதவும்?

உட்கார்ந்திருக்கும்போது கவனிக்க வேண்டியது, யார் வருகிறார்கள் என்பதைவிட யார் வரவில்லை என்பதைத்தான். வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே பாதி தெரிந்துவிடும். பெண் பெயர்கள் எத்தனை? பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை மணிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்? ஒரே தெருப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா? பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லையா? அப்புறம் இரவல் மேசையைப் பாருங்கள். வாசிக்க வருபவர் வேறு, புத்தகம் எடுத்துப் போகிறவர் வேறு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலிருந்து மாலைவரை இருப்பார்கள், ஆனால் தங்கள் கைடை வைத்துத்தான் படிப்பார்கள். அலமாரி பக்கம் திரும்பவே மாட்டார்கள்.

இந்த நூலகம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். கிளை நூலகத்தை மாநகராட்சி நடத்துவதாக நினைத்துக் கவுன்சிலரிடம் போய் நிற்பார்கள். பொது நூலகங்கள் பள்ளிக் கல்வித் துறையின் கீழுள்ள பொது நூலக இயக்ககத்தைச் சேர்ந்தவை. மாவட்ட அளவில் நூலக ஆணைக்குழுவும் மாவட்ட நூலக அலுவலரும் இருக்கிறார்கள். நூலகத்துக்குப் புத்தகம், நாற்காலி, மின்விசிறி, ஆள் வேண்டுமென்றால் மனு அங்கே போக வேண்டும். நூலக வாசலில் சாக்கடை நிற்கிறது, தெருவிளக்கு எரியவில்லை என்றால்தான் கவுன்சிலர். மாலை ஆறரைக்குமேல் பெண்களும் பிள்ளைகளும் வராததற்கு அந்த எரியாத விளக்கேகூடக் காரணமாக இருக்கும். ஆகவே அந்த மனுவையும் சின்னதாக நினைக்க வேண்டாம்.

திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. இந்தப் பகுதிகள் 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. மாவட்டக் கணக்கில் அதற்குப் பிறகும் திருவள்ளூரில்தான் இருந்தன, 2018இல்தான் சென்னை மாவட்டத்துக்கு வந்தன. உங்கள் கிளை எந்த ஆணைக்குழுவின் கீழ் இருக்கிறது என்று நூலகரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தப்பான அலுவலகத்துக்குப் போன மனு எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதுவே உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படுகிறது. இப்போது அது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. "லைப்ரரியா? அதெல்லாம் நமக்கு எதுக்கு சார்?" என்று வீட்டுக்காரர் ஒருவர் கேட்டால், வரி ரசீதை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே காசு கட்டிவிட்டார், புத்தகத்தை மட்டும் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. வாடகை வீட்டில் இருப்பவரும் அந்த வரியை வாடகைக்குள் வைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். இந்த ஒரு விஷயம், அறிவு வளர்ச்சியைப் பற்றிய பத்து நிமிடப் பேச்சைவிட வேகமாக வேலை செய்யும்.

நூலகரிடம் பேசுங்கள், ஆனால் திட்டம் கொண்டுபோகாதீர்கள்

நூலகர் பக்கமிருந்து யோசியுங்கள். பல கிளைகளில் அவர் ஒருவர்தான் ஆள். திறப்பது, மூடுவது, இரவல் கொடுப்பது, நாளிதழ் கட்டுவது, மேலிடத்துக்கு மாதக் கணக்கு அனுப்புவது எல்லாம் அவரே. ஒரு புத்தகம் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அந்த நேரத்தில் ஒருவர் உள்ளே வந்து, "மேடம், நம்ம லைப்ரரிய அப்படியே மாத்திடலாம்" என்றால் அவருக்குத் தலைவலிதான் வரும்.

அதற்குப் பதில் இப்படித் தொடங்கலாம்: "மேடம், நான் பக்கத்துத் தெருதான். வாரத்துல ரெண்டு மணி நேரம் வர முடியும். உங்களுக்கு எது இழுத்துக்கிட்டு இருக்கு?" பெரும்பாலும் பதில் சாதாரணமானதாக இருக்கும். நன்கொடையாக வந்த புத்தகக் கட்டு பிரிக்காமல் கிடக்கிறது, குழந்தைகள் அலமாரி கலைந்து கிடக்கிறது, திருப்பித் தராதவர்கள் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அதில் ஒன்றை முடித்துக் கொடுங்கள். அப்புறம் நீங்கள் சொல்வதைக் கேட்பார்.

சில விஷயங்களை அனுமதி இல்லாமல் தொடவே கூடாது. நூலகத்தின் பெயரைச் சொல்லி யாரிடமும் பணம் வாங்காதீர்கள். கொடுக்க விரும்புகிறவர் 1000 ரூபாய் செலுத்திப் புரவலர் ஆகலாம். அதற்கு முறையான ரசீது உண்டு. நேராக நூலகரிடம் அனுப்பிவிடுங்கள். கட்சிக் கொடி, கோயில் விழாத் தட்டி, தனியார் கோச்சிங் சென்டர் விளம்பரம் எதுவும் நூலகச் சுவரில் வரக் கூடாது. பிள்ளைகளைப் படம் எடுத்து வாட்ஸப்பில் போடுவதென்றால் அம்மா அப்பாவிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தெருவை நடந்து பாருங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் நூலகத்தைப் போடுங்கள். சுற்றிக் கால் மணி நேர நடைக்குள் என்னென்ன இருக்கிறது என்று குறியுங்கள்: பள்ளிக்கூடம், ரேஷன் கடை, அங்கன்வாடி, அம்மா உணவகம், கேரம் மன்றம், டியூஷன் வீடு, தையல் கடை, ஆட்டோ ஸ்டாண்டு, சலூன். வடசென்னையில் தெரு முனைகளில் இன்னும் உயிரோடிருக்கும் படிப்பகங்களையும் விட்டுவிடாதீர்கள். கட்சியும் சங்கமும் நடத்துகிற, பேப்பரும் கரும்பலகையும் உள்ள அந்தச் சிறு கொட்டகைகளில் உட்காருகிறவர்கள் ஏற்கெனவே வாசகர்கள். அவர்களுக்கு நூலகத்தின் வழியைக் காட்டினால் போதும்.

அப்புறம் தடைகளைக் குறியுங்கள். வரைபடத்தில் அரை கிலோமீட்டர் என்று தெரியும், ஆனால் நடுவில் கண்டெய்னர் லாரி போகிற சாலை இருக்கும். துறைமுகத்துக்கும் மணலிக்கும் எண்ணூருக்கும் லாரி ஓடுகிற சாலையைத் தாண்டி எட்டு வயதுப் பிள்ளையை எந்தத் தாயும் தனியாக அனுப்ப மாட்டாள். கொருக்குப்பேட்டை பக்கம் ரயில்வே கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. இந்த மாதிரி இடத்தில் "ஏன் பிள்ளைகளை அனுப்புவதில்லை?" என்று கேட்பது வீண் பேச்சு. கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்கு நாம் புத்தகப் பையோடு போக வேண்டும், இல்லையென்றால் ஞாயிறு காலையில் பெரியவர் ஒருவர் மொத்தமாக அழைத்துவர ஏற்பாடு செய்ய வேண்டும்.

புத்தகத்தை ஆள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1931இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூலகம் போயிருக்கிறது. அதன் பின்னால் இருந்தவர் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ்.ஆர். ரங்கநாதன். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட நூலகத்தின் ஐந்து விதிகளில், 'ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்' என்பது மூன்றாவது. அலமாரியில் இருக்கும் நூலுக்கு ஆள் தேடிப் போவது நூலகத்தின் வேலைதான் என்று அன்றைக்கே எழுதி வைத்தாயிற்று.

ஒரே நேரத்தில் ஒரு கூட்டத்தாரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லாருக்குமான அழைப்பு யார் காதிலும் விழாது. மூன்று மாதத்துக்கு ஒரு சாராரை எடுத்துக்கொள்ளுங்கள். யாரை எடுத்தால் என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

போட்டித் தேர்வுப் பிள்ளைகள் எளிது, ஏனென்றால் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார்கள். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்றப் பகுதி விடைகளை மதிப்பிடவே மாட்டார்கள். ஆகவே ஆறு முதல் பத்து வரையுள்ள தமிழ்ப் பாடப்புத்தகங்கள் அவர்களுக்கு வேதம் மாதிரி. அந்தப் புத்தகங்களை ஒரே தட்டில் அடுக்கி, அதே தட்டில் பாடத்தில் இரண்டு பக்கமாக வருகிற கதாசிரியர்கள், கவிஞர்களின் முழு நூல்களையும் வைத்துப் பாருங்கள். தேர்வுக்கு ஆசிரியர் பெயரும் நூல் பெயரும் மனப்பாடம் செய்கிற பிள்ளை, அந்த நூலையே கையில் எடுத்துப் புரட்டும். ஒன்றிரண்டு பேர் வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். இவர்களையே ஞாயிற்றுக்கிழமையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தரக் கேட்கலாம். பாதிப் பேர் தயங்காமல் ஒத்துக்கொள்வார்கள். கொளத்தூரில் 2024 நவம்பரில், படிக்கவும் வேலை பார்க்கவும் பொது இடமாக முதல்வர் படைப்பகம் திறந்ததிலிருந்து, படிப்பதற்கு நல்ல மேசை, வெளிச்சம், சார்ஜ் போட பிளக் பாயின்ட் எல்லாம் வேண்டும் என்று மற்ற பகுதிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதை மனுவாக எழுதி அவர்களையே கையெழுத்துப் போட வையுங்கள்.

சிறு பிள்ளைகளுக்கு மாலை நேரம் கிடையாது, டியூஷன் விழுங்கிவிடும். ஞாயிறு காலைதான் உங்களுடையது. அதிலும் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் ஞாயிறு காலை என்றால் ஃபுட்பால். அதோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் வேண்டாம். பதினொரு மணிக்கு ஆட்டம் முடிந்து வரட்டும். குடிக்கத் தண்ணீர் வைத்திருங்கள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி. எப்போதும் அதே மூன்று பிள்ளைகள்தான் பரிசு வாங்கும், மற்றவர்களுக்கு நூலகம் என்றால் தோற்கிற இடம் என்று ஆகிவிடும். பள்ளிக் கல்வித் துறை வெளியிடுகிற ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களை ஆசிரியர்களிடம் கேட்டு வாங்கி வைத்தால், தாங்களே வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைகளும் படம் பார்த்துக் கையில் எடுக்கும்.

பெண்களுக்கு நூலகம் தூரமில்லை, நேரம்தான் தூரம். தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, எக்ஸ்போர்ட் கம்பெனிக்கோ வீட்டு வேலைக்கோ போய்த் திரும்புகிறவரிடம் "வாங்க, வந்து உட்கார்ந்து படிங்க" என்பது சரியான அழைப்பு இல்லை. மகளிர் சுய உதவிக் குழு கூடுகிற நாளில், கூடுகிற வீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு புத்தகங்களை ஒரு துணிப்பையில் எடுத்துப் போங்கள். என்ன புத்தகம்? குடும்ப நாவல் நான்கு, உடம்பைப் பற்றி ஒன்று, கோலமோ தையலோ ஒன்று, ஆன்மீகம் இரண்டு, பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டப் படக்கதை இரண்டு, சட்டமோ அரசு உதவித் திட்டமோ எளிமையாகச் சொல்கிற ஒன்று. குடும்ப நாவலைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிற வாசகர் வட்டத்துக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். ஒருவர் எதை விரும்பிப் படிக்கிறாரோ அதைக் கொண்டுவந்து கொடுத்தவரைத்தான் அடுத்த முறை, "வேற எதுனா நல்லதா இருந்தா குடுக்கா" என்று கேட்பார். உங்கள் ருசியைக் காட்ட வாய்ப்பு அப்போது வரும்.

நூலகத்தை விட்டுப் புத்தகம் வெளியே போவதற்குக் கணக்கு வேண்டும். வட்டத்து உறுப்பினர்கள் தங்கள் அட்டையிலேயே எடுத்துக்கொள்வது எளிய வழி. 2022இல் அரசு கொண்டுவந்த நூலக நண்பர்கள் திட்டம் இதற்கென்றே வந்தது: நூலகத்துக்கு வர முடியாத முதியவர், மாற்றுத்திறனாளி, வீட்டில் இருப்பவர்களுக்குத் தன்னார்வலர்கள் நூல்களைக் கொண்டுபோய்க் கொடுப்பது. உங்கள் கிளையில் அதில் சேர முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள்.

காசிமேடு, பெரியகுப்பம், எண்ணூர் குப்பங்களில் நாட்காட்டி வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருக்கும் காலம் அதுதான். படகு பழுது பார்ப்பார்கள், வலை பின்னுவார்கள். வலை பின்னுகிறவருக்குக் கைதான் வேலையில் இருக்கும், காது சும்மாத்தான் இருக்கும். ஒருவர் உட்கார்ந்து நாளிதழையோ கடல் பற்றிய ஒரு நூலையோ உரக்கப் படித்தால் கேட்பார்கள், நடுவில் மறுத்தும் பேசுவார்கள். "காத்து அப்படி அடிக்காது தம்பி, எழுதினவன் கரையில நின்னு எழுதிருக்கான்" என்று ஒருவர் சொன்னால் வாசிப்பு நன்றாகப் போகிறது என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் துறைமுகத்துப் பக்கம் நோட்டீஸ் கொண்டுபோகாதீர்கள். மீன் வாங்க வந்த கூட்டத்தில் அது காலுக்கடியில்தான் கிடக்கும்.

நோட்டீஸ் எழுதும்போது

வழக்கமான நோட்டீஸ் இப்படி இருக்கும்:

"அன்புடையீர்! வாசிப்பை நேசிப்போம்! அறிவுத் திருக்கோயிலாம் நமது கிளை நூலகத்தில் அனைவரும் உறுப்பினராகிப் பயன்பெற வேண்டுமாய் அன்புடன் அழைக்கின்றோம்!"

படிப்பவருக்கு இதில் ஒரு செய்தியும் இல்லை. நூலகம் எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு காசு, எனக்கு என்ன கிடைக்கும், ஒன்றும் தெரியாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"குரூப் 4 எழுதுகிறீர்களா? ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகம் மொத்தமும் நம் நூலகத்தில் இருக்கிறது. உட்கார்ந்து படிக்கக் காசு இல்லை. மருந்துக் கடைக்கு மேல் மாடி. காலை எட்டு மணிக்குத் திறக்கும், வெள்ளி விடுமுறை."

ஒரு நோட்டீசுக்கு ஒரு சாரார்தான். அடையாளம் சொல்லும்போது தெருப் பெயர், கதவு எண்ணைவிட மருந்துக் கடையும் மாரியம்மன் கோயிலும் மெட்ரோ ஸ்டேஷனும் வேலை செய்யும். 'காசு இல்லை' என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள். நூலகத்துக்குள் நுழைய டிக்கெட் உண்டு என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். எதை எழுதினாலும் நேரமும் விடுமுறையும் சரியா என்று நூலகரிடம் காட்டிவிட்டு ஜெராக்ஸ் எடுங்கள். ஒருவர் மாடி ஏறி வந்து பூட்டைப் பார்த்துவிட்டால் அவரைத் திரும்ப வரவழைப்பது கஷ்டம்.

ஒட்ட வேண்டிய இடம்: மக்கள் காத்திருக்கும் இடம். சலூன் கண்ணாடிக்குப் பக்கம், ரேஷன் கடை வரிசை, தையல் கடை, டீக்கடைத் தூண், ஆரம்ப சுகாதார நிலையம். கடைக்காரரைக் கேட்டுவிட்டு ஒட்டுங்கள், கிழிந்ததும் நீங்களே போய் மாற்றுங்கள். வாட்ஸப்பில் அனுப்புவதானால் பூப்போட்ட படம் வேண்டாம். அரை நிமிடத்துக்கு உங்கள் குரலில் பேசி அனுப்புங்கள். தெருக் குழுவில் தெரிந்த குரல் என்றால் கேட்பார்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கும் போய்ச் சேரும்.

உறுப்பினராக்கும் நாள்

படிவத்தைக் கொடுத்து "நிரப்பிக் கொண்டு வாங்க" என்றால் பத்தில் இரண்டு திரும்பி வந்தால் அதிசயம். நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள். அதற்கு முன்னால் நூலகரிடம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வாங்கி வைத்திருக்க வேண்டும்: காப்புத் தொகை எவ்வளவு, ஆண்டுச் சந்தா எவ்வளவு, ஆதார் முகவரியும் இப்போதைய வீடும் வேறாக இருந்தால் என்ன செய்வது, பள்ளிப் பிள்ளைக்கு யார் கையெழுத்து வேண்டும். முகவரிச் சிக்கல் நம் பக்கத்தில் பெரிது. முன்பு குடிசை மாற்று வாரியம் எனப்பட்ட நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்பை இடித்துக் கட்டும்போது வேறிடத்தில் வாடகைக்கு இருப்பவர்கள், சொந்த ஊர் முகவரியிலேயே ஆதார் வைத்திருக்கும் கூலித் தொழிலாளர்கள், இவர்களை "ப்ரூஃப் இல்லைன்னா முடியாதுங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அட்டை கிடைக்காவிட்டாலும் உள்ளே உட்கார்ந்து படிக்கத் தடையில்லை என்பதையாவது சொல்லி அனுப்புங்கள்.

அட்டை கிடைத்த அன்றைக்கே ஒரு புத்தகம் கையில் போக வேண்டும். "அப்புறம் வந்து எடுத்துக்கிறேன்" என்று போனவர் பெரும்பாலும் வருவதில்லை. அலமாரி முன்னால் நிற்க வைத்து "எது வேணும்?" என்று கேட்காதீர்கள், அத்தனை புத்தக முதுகுகளைப் பார்த்ததும் மலைத்துப் போவார். என்ன வேலை செய்கிறார், டிவியில் என்ன பார்ப்பார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பேச்சுக் கொடுத்து, மெல்லியதாக மூன்று புத்தகம் எடுத்து மேசையில் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எழுத்து பெரியதாக இருக்கிறதா என்று பாருங்கள். நாற்பதைத் தாண்டியவர் கண்ணாடி போடாமல் வந்திருப்பார்.

வந்தவர் ஏன் வருவதில்லை

ஒரு நோட்டுப் போடுங்கள். யார், எந்தத் தெரு, எந்தப் புத்தகம், என்றைக்குத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு போன்: "அக்கா, புக்கு முடிச்சிட்டீங்களா? பிடிச்சிருந்துச்சா?" திருப்பிக் கேட்கிற மாதிரி இருக்கக் கூடாது, விசாரிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

நின்றுபோனவர்களை விசாரித்தால் கிடைக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பயம். தேதி தாண்டிவிட்டது, தண்டத் தொகை எவ்வளவு ஆகியிருக்குமோ. சின்னவன் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டான். வீடு மாற்றும்போது புத்தகம் தொலைந்துவிட்டது. இதற்காக நூலகம் இருக்கும் தெருவையே சுற்றிப் போகிறவர்கள் உண்டு. உண்மையில் தாமதக் கட்டணம் டீக்காசு அளவுக்குத்தான் இருக்கும். தொலைந்த புத்தகத்துக்கு அதே நூலை வாங்கிக் கொடுப்பதோ விலையைக் கட்டுவதோ என்று வழி இருக்கும். சரியான தொகையை நூலகரிடம் கேட்டுக்கொண்டு, பயந்து நின்றுபோனவரைக் கையோடு அழைத்துப் போய் முடித்து வையுங்கள். புதிதாக ஒருவரைச் சேர்ப்பதைவிட இப்படி ஒருவரை மீட்பது லாபம். ஏற்கெனவே படிக்கிற ஆள் அவர்.

சரி, விழா?

நடத்துங்கள், சிறியதாக. முக்கால் மணி நேரம் போதும். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை எதுவும் வேண்டாம். முதல் பத்து நிமிடம் ஒருவர் ஒரு சிறுகதையை உரக்கப் படிக்கட்டும், கேட்பவர்கள் பேசட்டும், கடைசிக் கால் மணி நேரம் எல்லாரும் அலமாரிப் பக்கம். இரவல் மேசை திறந்திருக்க வேண்டும். நிகழ்ச்சிக்காக இரவலை நிறுத்தினால் நடத்தியதே வீண்.

எதைப் பற்றி நடத்துவது என்று தேட வேண்டியதில்லை, ஊரே விஷயம்தான். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையம், 1914இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்ட துறைமுகம், பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918இல் எழுந்த சென்னைத் தொழிலாளர் சங்கம், 1923இல் சிங்காரவேலர் கொண்டாடிய மே தினம், ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார், திருவொற்றியூர்க் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி. ஒவ்வொன்றுக்கும் அலமாரியில் ஏதாவது நூல் இருக்கும். இருப்பதை மேசையில் பரப்புங்கள். பின்னியில் வேலை பார்த்த தாத்தா ஒருவர் தெருவில் இருப்பார். வெளியூர்ப் பேச்சாளருக்குப் பதில் அவரை உட்கார வைத்து ஒரு பையன் கேள்வி கேட்கட்டும். அவர் பேரன் பேத்தி, அண்டை வீட்டார் எல்லாரும் வந்துவிடுவார்கள்.

நாட்காட்டியில் ஆகஸ்ட் 12 நூலகர் தினம், நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரம். இந்த நாட்களில் மேலிடத்துப் பார்வையும் நூலகத்தின் மேல் இருக்கும். பலகை மாற்ற, கதவு வண்ணம் அடிக்க, மனு கொடுக்க நல்ல சமயம். மார்ச்சில் தேர்வு என்பதால் பிள்ளைகளை விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் கூட்டமே வேண்டாம். ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் நாலு பேராகப் போய் அடித்தட்டுப் புத்தகங்களை மேலே ஏற்றி வையுங்கள். தரைத்தளக் கிளைகளில் இதைவிட அவசரமான வேலை அந்த மாதம் கிடையாது.

நூலகர் மாற்றலாகிப் போனால்

போவார்கள். நன்றாகப் பழகிய நூலகர் போனதும் வட்டம் கலைந்துவிடுவது நிறைய இடத்தில் நடக்கிறது. புதியவர் வந்த முதல் வாரத்திலேயே போய்ப் பாருங்கள். முந்தையவர் எப்படியெல்லாம் செய்தார் என்று புகழ்ந்துகொண்டிருக்க வேண்டாம். புதியவருக்கு அது குற்றச்சாட்டாகக் கேட்கும். உங்கள் நோட்டின் நகல் ஒன்றைக் கையில் கொடுங்கள்: எந்தத் தெருவில் யார் படிக்கிறார்கள், துணிப்பை எந்தக் கிழமை எந்த வீட்டுக்குப் போகிறது, யாரிடம் எந்தப் புத்தகம் இருக்கிறது. கொடுத்துவிட்டு, "உங்களுக்கு எது இழுத்துக்கிட்டு இருக்கு மேடம்?" என்று கேட்டு, அவர் சொல்லும் வேலையை அன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.